பின்னால் வந்த வண்டி மோதி மனைவிக்குக் கன்கஷன் (தலை அடிபட்டதில் வரும் மூளை அதிர்ச்சி), சி.டி. ஸ்கேன் நார்மல், போலீஸ் ஸ்டேஷனில் சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

மறைமலை நகர் வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், மனைவி பக்கத்து சீட்டில், இரண்டு பேருமே பெல்ட் போட்டிருந்தோம். மாமண்டூர் பக்கம் வழக்கமான ஞாயிறு நெரிசல், வண்டிகள் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் முழுதாக நின்றிருந்த நேரத்தில் பின்னால் வந்த லோடு வண்டி வேகம் குறையாமல் வந்து மோதிவிட்டது. டிக்கி முழுவதும் உள்ளே போய்விட்டது. எனக்குக் கழுத்து வலியோடு போனது. மனைவிக்குத் தலை பக்கவாட்டுத் தூணில் இடித்தது. ரத்தம் இல்லை, மயக்கமும் போடவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை "பையன் எங்கே, பையன் எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனை அன்று மதியம் விழுப்புரத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்ததே அவள்தான்.

பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சி.டி. எடுத்தார்கள், ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு "கன்கஷன்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆர்.டி.ஏ. (சாலை விபத்து), சி.டி. பிரெயின் நார்மல் என்பதைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை.

அதற்கப்புறம்தான் தொல்லையே. அவள் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் பில் ஏற்றும்போது பேப்பரைப் பார்த்துவிட்டு ஸ்கிரீனுக்குக் கண்ணைத் திருப்புவதற்குள் தொகை மறந்துபோகிறது என்கிறாள். ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றி, மேனேஜர் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் டியூப் லைட் வெளிச்சம் தாங்காமல் தலைவலி. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது. பையன் மேல் குரல் உயர்த்தியே பேசாதவள், இப்போது சின்ன விஷயத்துக்கும் கத்திவிட்டு அப்புறம் அழுகிறாள். சொந்தக்காரர்கள் "பயத்தில் வந்தது, மந்திரித்தால் சரியாகும்" என்கிறார்கள்.

போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால் "ரத்தக்காயம்கூட இல்லையே சார், பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் ஸ்டேஷன் ரைட்டர். வண்டி ஓனர் 20,000 ரூபாய் தருகிறாராம், மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பணத்துக்காக அலைகிறவன் இல்லை நான். ஆனால் இவள் வேலை போய்விட்டால் வீட்டு லோன் எப்படிக் கட்டுவது என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்கேனில் ஒன்றுமே இல்லாத ஒரு காயத்துக்கு கோர்ட்டில் மதிப்பு இருக்குமா? வக்கீல் பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடலூர்க்காரி:

அண்ணா, முதலில் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் சித்தப்பாவுக்கு இதே மாதிரிதான். பஸ்ஸில் போகும்போது விபத்து, தலையில் அடி, சி.டி. நார்மல். மெக்கானிக் அவர். ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டால் எந்த போல்ட் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர், அதற்குப் பிறகு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவார். வழக்கு நடந்தபோது நான் கூடப் போயிருக்கிறேன். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்த எடுப்பிலேயே "உங்கள் சி.டி. நார்மல்தானே? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அடுத்தது "விபத்துக்குப் பிறகு நீங்களாகவே நடந்துதானே வீட்டுக்குப் போனீர்கள்?". சித்தப்பா திணறிப்போனார்.

எங்களைக் காப்பாற்றியது என்ன தெரியுமா, ஓ.பி. சீட்டுகள். சித்தி பிடிவாதமாக அவரைத் தவறாமல் அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு சீட்டிலும் டாக்டர் இரண்டு வரி எழுதியிருந்தார், தலைச்சுற்றல் தொடர்கிறது, ஞாபக மறதி, தூக்கமில்லை என்று. கசங்கிப்போன அந்தச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்தபோதுதான் நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். அதனால் அண்ணியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு "தானாகச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். வைத்தியத்துக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.


வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் நியூரோ சர்ஜரி வார்டில் ரொம்ப வருடமாக வேலை பார்க்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

சி.டி. எடுப்பது மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா, மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். கன்கஷன் அதில் தெரியாது. தலை வேகமாக ஆடி நிற்கும்போது உள்ளே மூளை அசைந்து நரம்பு இழைகள் இழுபடுகின்றன, செல்களின் ரசாயனச் சமநிலை குலைகிறது. படத்தில் எல்லாம் சரியாக இருக்கும், வேலை செய்வதில்தான் கோளாறு. மயக்கம் போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் மனைவி பையனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ரொம்ப முக்கியமான அடையாளம். புது விஷயத்தை மனதில் பதிய வைக்க முடியாத குழப்பம் அது. டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால் அடுத்த தடவை கட்டாயம் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு 3 மாதம் தாண்டியும் போகும், அது நடிப்பும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. மந்திரிப்பது உங்கள் வீட்டு விருப்பம், ஆனால் டாக்டரை விட்டுவிடக்கூடாது.

படுக்கையில் புரளும்போது சுற்றுகிறது என்றீர்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு உள்காதில் இருக்கும் சின்னத் துகள்கள் இடம் மாறிப்போவதால் இப்படி வரலாம். இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். அதுதான் காரணம் என்றால் தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பிச் செய்யும் ஒரு பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது, மாத்திரைகூட வேண்டியிருக்காது. இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வலி மாத்திரையையும் தினமும் போட விடாதீர்கள். மாதத்தில் பாதி நாள் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

முதல் ஓரிரு நாள்தான் முழு ஓய்வு. அதற்கப்புறம் இருட்டறையில் படுக்க வைப்பது தேவையில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஆபீஸில் பேசி அரை நாள் வேலையாகக் கேட்டுப் பாருங்கள், ஸ்கிரீன் பார்த்தால் நடுநடுவே எழுந்து வரட்டும். கார், ஸ்கூட்டர் ஓட்ட இப்போதைக்கு வேண்டாம்.

தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் பலம் குறைந்தால், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால், வலிப்பு வந்தால், யோசிக்காமல் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடிபட்டுச் சில வாரம் கழித்துக்கூட மெதுவான ரத்தக்கசிவு தெரியவரும். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது அதிகம். உங்கள் மனைவிக்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.


பைபாஸ் ரவி:

சகோ, நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கோர்ட் கேஸ் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். வாய்தா வாய்தா என்று அலைய வேண்டும், லீவு போட வேண்டும். என் நண்பன் ஒருவன் அலைந்து வெறுத்தேபோய்விட்டான். 20,000-ஐ 50,000 ஆக்கிக் கேளுங்கள், வாங்கிக்கொண்டு மனைவியின் உடம்பைப் பாருங்கள். நிம்மதிதான் முக்கியம்.


மறைமலை நகர் வாசி:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், நீங்கள் சொன்ன பிறகு இ.என்.டி. அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். பையனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததை ஆம்புலன்ஸில் வந்தவரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரிப் பேப்பரில் அது இல்லை.

ரவி சார், உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அதே சபலம்தான். ஆனால் இவள் இன்னும் 2 மாதத்தில் எப்படி இருப்பாள் என்றே தெரியாதபோது எதற்கு விலை பேசுவது?

இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கார்டு கொடுத்தார். கேஸை அவரே பார்த்துக்கொள்வாராம், ஒரு பைசா தர வேண்டாமாம், வருகிற தொகையில் 30 சதவீதம் கொடுத்தால் போதுமாம். அவர் வக்கீலா என்று கேட்டதற்கு "வக்கீல் நம்ம ஆள்தான்" என்றார். இது சரியா?


சேலம் வக்கீல்:

நான் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன். கார்டு கொடுத்தவரை விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடிப்பதும், தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதும் வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிகளின்படி தவறு. நேராக ஒரு வக்கீலின் அலுவலகத்துக்குப் போய், பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு, கட்டணம் எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். வெற்று வக்காலத்திலோ வெள்ளைத் தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம். வசதி இல்லை என்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மனுதாரர் உங்கள் மனைவிதான் என்பதால் அவருக்கும் கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இப்போது எஃப்.ஐ.ஆர். அதுதான் முதல் வேலை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்குப் பிரிவு 281, அதனால் காயம் ஏற்பட்டதற்குப் பிரிவு 125. ரத்தம் வந்தால்தான் காயம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அனுபவத்தில் சொல்கிறேன், எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபால் போன ரசீதைக் காட்டினாலே பல ஸ்டேஷன்களில் வேலை நடந்துவிடும். எஃப்.ஐ.ஆர். ஆனால் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போலீஸ் கொடுக்க வேண்டும் என்று 2022-இல் வந்த மத்திய விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் தாமதமாகும், நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும்.

கூடவே ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேளுங்கள். விபத்து என்று வருகிறவர்களுக்கு அட்மிஷன் நேரத்திலேயே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். என்ன நேரம், எப்படி அடிபட்டது, எந்த நிலையில் வந்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதில் "குழப்பமாகப் பேசினார்" என்று ஒரு வார்த்தை இருந்தால்கூட உங்களுக்குப் பெரிய பலம். நர்ஸுகளின் குறிப்பு, ஆம்புலன்ஸ் பதிவு, எல்லாவற்றுக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளில் இருக்கிறது.

சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று போலீஸ் டாக்டரிடம் காயச் சான்றிதழ் கேட்பார்கள். எலும்பு முறிவு இல்லை, சி.டி. நார்மல் என்றால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு சாதாரணம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. ஆகவே மனைவியின் லீவு விவரம், அரை நாள் வேலைக்கு ஆபீஸ் தரும் கடிதம், ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். இது தலைக்காய வழக்குகளில் பலர் கோட்டைவிடும் இடம்.

இழப்பீட்டு மனு மோட்டார் வாகனச் சட்டம் 166-இன் கீழ். நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம், செங்கல்பட்டுக்குப் போனால் போதும். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று காலக்கெடு வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ரவி சொன்னது பற்றி. வழக்கு இழுக்கும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பணம் தரப்போவது ஓனர் இல்லை, அவர் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. அப்படியிருக்க ஓனர் ஏன் தன் கைக்காசைக் கொடுத்து முடிக்கப் பார்க்கிறார்? இன்சூரன்ஸ் காலாவதியாகியிருக்கலாம், டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இல்லாமல் இருக்கலாம். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், இன்சூரன்ஸ் தேதி தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் இருந்தால் எதற்காகவும் சமாதானப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். பிறகு உடம்பு நிலை தெளிவானதும் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தின் முன்னாலேயே பேசி முடிக்கலாம், அது வேறு விஷயம்.

ஸ்கேனில் இல்லாத காயத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நிரூபிக்க வேண்டும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் அடிப்படை. உடம்பின் ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒன்று, அதனால் அவருடைய சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது இன்னொன்று. கணக்கு எழுதுகிறவருக்குக் கவனம் சிதறினால் அது அவர் தொழிலையே பாதிக்கும். சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது, சிகிச்சை கொடுத்த டாக்டரோ பரிசோதித்த டாக்டரோ சாட்சி சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதனால் டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரே நரம்பியல் நிபுணரிடம் தொடர்ந்து காட்டுங்கள். 3 மாதம் கழித்தும் மறதி இருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் செய்யும் நினைவாற்றல், கவனப் பரிசோதனைகள் உண்டு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை போன்ற இடங்களில் முறையாகச் செய்வார்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் மருத்துவக் குழுவின் முன் போகும்போது அந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் மனைவி 3 மாதத்தில் முழுதாகத் தேறிவிட்டால் கிடைக்கும் தொகை சுமார்தான் இருக்கும்: வைத்தியச் செலவு, போன சம்பளம், வலிக்கும் வேதனைக்குமாக ஒரு தொகை. அப்படி முடிந்தால் நான் சந்தோஷப்படுவேன். முன்பே ஒற்றைத் தலைவலி இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம், எதிர்த்தரப்பு எப்படியும் தோண்டி எடுக்கும். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று டாக்டர் சொன்னால் போதும். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்தால் வக்கீல் இல்லாமல் வாக்குமூலம் எதிலும் கையெழுத்து வேண்டாம்.


கடலூர்க்காரி:

அண்ணா, வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. அண்ணி ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதட்டும், அவருக்குக் கஷ்டமாக இருந்தால் நீங்கள் எழுதுங்கள். தலைவலி எத்தனை மணிக்கு வந்தது, என்ன வேலை செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஓ.பி.யில் அதைப் பார்த்துச் சொன்னால் எதுவும் விட்டுப்போகாது. விபத்து நடந்த இடத்தில் கடைகளில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய பதிவு சீக்கிரம் அழிந்துவிடும்.


மறைமலை நகர் வாசி:

செயலியில் பார்த்தேன் சார். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. எஸ்.பி. அலுவலகத்துக்கு நாளைக்குத் தபால் போடுகிறேன், ஏ.ஆர். காப்பிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒரே சந்தேகம்: நான்தான் காரை ஓட்டினேன், புருஷனும் நான்தான். என் சாட்சியம் செல்லுமா? காரை ரிப்பேருக்கு விட்டால் கேஸுக்குப் பாதகமா?


சேலம் வக்கீல்:

தாராளமாகச் செல்லும். கூடவே இருந்த கணவர் நேரில் பார்த்த சாட்சி. விபத்து எப்படி நடந்தது என்பதோடு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பையனைக் கேட்டுக்கொண்டிருந்ததையும், வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரையும் குறித்து வையுங்கள். கார் விஷயம்: மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கும்வரை ரிப்பேருக்கு விடாதீர்கள், பின்பக்கத்தை நாலு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் சொந்த பாலிசியில் டேமேஜ் க்ளெய்ம் போடலாம், மனைவியின் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எஃப்.ஐ.ஆர். எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், செங்கல்பட்டில் இந்த வழக்குகளை ஒழுங்காக நடத்தும் வக்கீல்கள் பற்றி விசாரித்துச் சொல்கிறேன்.